கோரம் இல்லையென்று எழும்பினால்

பாதீட்டுக் (வரவுசெலவுத் திட்டக்) காலம் வந்தால், உள்ளூராட்சி சபை உறுப்பினர்களின் அழைப்பால் சட்டத்தரணியான என் தொலைபேசி இரவிலும் ஓயாது. "சேர், எதிர்த்தரப்பு ஆக்கள் வேணுமெண்டே வெளிநடப்புச் செய்து கோரத்தை இல்லாமல் ஆக்கிப்போட்டாங்கள். ரிட் போடேலாதோ?" கோரம் என்பது அமர்வை நடத்தச் சபையில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை; ரிட் என்பது நீதிமன்றத்தின் ஆணை கேட்டுப் போடும் வழக்கு.

"கூட்டறிக்கையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பேன். அமர்வில் நடந்ததை எழுதிவைக்கும் பதிவைத்தான் சொல்கிறேன். அநேகமாக அந்தப் பக்கம் சத்தம் இராது.

வெளிநடப்பு, ஒழுங்குப் பிரச்சினை (சபை விதி மீறப்படுகிறது என்று எழும்பிச் சொல்வது), திருத்தத்துக்கு மேல் திருத்தம், பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கச் சொல்வது எல்லாம் சபை நடைமுறைக்குள் வருபவைதான். நாளைக்கு எதிர்வரிசையில் இருந்தால் நீங்களும் செய்வீர்கள். (சிலர் செய்ததை நானே பார்த்திருக்கிறேன்.) விதி மீறப்பட்டிருந்தால் வழக்குப் பேசலாம். விதியைக் கெட்டித்தனமாகப் பாவித்தார்கள் என்பதற்கு வழக்கில்லை.

2018 நவம்பரை நினைத்துப் பாருங்கள். ஜனாதிபதி பிரதமராக நியமித்த மஹிந்த ராஜபக்ஷவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 14ஆம் திகதி பாராளுமன்றத்தில் குரல் வாக்கால், அதாவது ஆட்களை எண்ணாமல் சத்தத்தை வைத்து, நிறைவேறியது. நடைமுறை பிழை என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஏற்கவில்லை. 16ஆம் திகதி மிளகாய்த்தூள் வீச்சுக்கு நடுவே, பொலிஸ் காவலோடு உள்ளே வந்த சபாநாயகர் கரு ஜயசூரிய மறுபடியும் குரல் வாக்கெடுத்தார். அதுவும் எடுபடவில்லை. 29ஆம் திகதி, பிரதமர் செயலகத்துக்கான நிதியை நிறுத்தும் பிரேரணையில் வாக்குகளை எண்ணினார்கள்: ஆதரவு 123, எதிர்ப்பு ஒன்றுமில்லை. ராஜபக்ஷ தரப்பு சபைப் பக்கமே வரவில்லை. 225 பேர் கொண்ட சபையில் 123 பேர் என்றால் சத்தம் கேட்டதா இல்லையா என்ற விவாதத்துக்கே இடமில்லை.

எங்கள் யாழ். மாநகரசபைக்கு வருவோம். 2020 டிசெம்பரில் பாதீடு இரண்டாந்தரமும் தோற்று, இம்மானுவேல் ஆர்னோல்டின் முதல்வர் பதவி போனது. 'துரோகம்' என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்து நடந்த முதல்வர் தெரிவில் எதிர்த்து நின்ற மணிவண்ணனுக்கு 21, ஆர்னோல்டுக்கு 20. 45 பேர் இருந்த சபையில் ஒரேயொரு வாக்கு வித்தியாசம்! அந்த வாக்கைத் தேடவேண்டிய காலம் வரைவுப் பாதீடு குழுவில் கிடக்கும் காலம். மற்றக் கட்சி உறுப்பினர் தன் வட்டாரத்து வாய்க்காலுக்குக் காசு கேட்டால், கட்சியைப் பாராமல் உட்கார்ந்து பேசுங்கள். அதைச் செய்யாமல் முகநூலில் வீரம் பேசுவது வீண்வேலை.

தவிசாளர்மாருக்குத் தனியாக ஒன்று. ஒழுங்குப் பிரச்சினை எழுந்தால் ஒலிவாங்கியை நிறுத்தாதீர்கள், கோபத்தில் அமர்வை ஒத்திவைக்காதீர்கள். எதிர்த்தரப்புக்கு இல்லாத வழக்கை நீங்களே எடுத்துக் கொடுப்பதாக அது முடியும். எந்த விதி என்று கேளுங்கள், காரணத்தோடு தீர்ப்பைச் சொல்லுங்கள், செயலாளரை எழுதச் சொல்லுங்கள்.

உறுப்பினர்கள் தங்கள் கொப்பியிலும் எழுதவேண்டும்: யார் எத்தனை மணிக்கு எழும்பிப் போனார், அப்போது சபையில் எத்தனை பேர் மிஞ்சினர், தவிசாளர் சொன்னது என்ன. அடுத்த அமர்வில் கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் அங்கேயே திருத்தம் கேளுங்கள். உறுதிப்படுத்திய பிறகு என்னிடம் கொண்டுவந்தால் நான் செய்யக்கூடியது கொஞ்சந்தான்.