சுவருக்கும் பத்து போடலாம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச, வீட்டுப் பின்சுவரை ஒட்டி விறகடுப்பு மூட்டினார்களாம். சாந்து பூசாத ஃபேஸ் பிரிக் சுவர், கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அன்றைக்கே குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, சோப்புப் போட்டுத் தேய்த்ததில் கறை போய்விட்டது. ஆனால் மூன்றாம் நாள் அதே இடத்தில் பழுப்பாக எட்டிப் பார்த்ததாம். "பக்கத்து வீட்டு அம்மா கண்ணேறு என்கிறார், ஆசிட் ஊற்றட்டுமா?" என்று கேட்கிறார்.

ஆசிட் வேண்டவே வேண்டாம் அக்கா. கரி ஆசிட்டில் கரையாது. கற்களுக்கு நடுவே இருக்கும் சிமெண்டுச் சாந்துதான் கரையும். பிளீச்சும் கரியை வெளுக்காது.

விறகுப் புகையில் இரண்டு சமாச்சாரங்கள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கரித்துகள். இன்னொன்று, அதன்மேல் பிசுபிசுப்பாகப் படியும் தார். எண்ணெய்ப் பிசுக்குள்ள தாரைத் தண்ணீர் மட்டும் அசைக்காது, சோப்பு வேண்டும். இது பள்ளியில் படித்ததுதான். சரி, போன கறை ஏன் திரும்பியது? எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

செங்கல் முழுக்கத் துளைகள், மெல்லிய குழாய்கள் போல. குழாய் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு பலமாக நீரை இழுக்கும். 1718-இல் ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை விதியாகவே சொன்னார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். ஆரத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால், கணக்குப்படி 15 மீட்டர்! டர்பனில் ஆடி என்பது மழை குறைந்த குளிர்காலம். தாகத்தோடு நின்ற சுவர், நீங்கள் தேய்த்துக் கரைத்த தார்த்தண்ணீரைத்தான் முதலில் குடித்தது. பிறகு வெயிலில் ஈரம் மெல்ல வெளியே வந்து ஆவியானபோது, கூட வந்த தார் ஆவியாக முடியாமல் செங்கலின் முகத்திலேயே தங்கிவிட்டது. கண்ணேறுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. அந்த அம்மா உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்லியிருப்பார். ஆனால் காரணம் தெரிந்தால்தானே வழி பிறக்கும்?

அதனால் அடுத்த முறை உலர்ந்த கரியை முதலில் ரப்பர் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். அப்புறம் சுவர் இனி குடிக்காது என்னும் வரை நல்ல தண்ணீரால் நனையுங்கள். துளைகள் நிறைந்துவிட்டால் அழுக்குநீருக்கு உள்ளே இடம் குறைவு. அதன் பிறகே சோப்பும் நார் பிரஷும். இரும்பு பிரஷ் கூடாது.

ஏற்கெனவே உள்ளே போனதை எடுக்க, சுளுக்குக்குப் பத்து போடுவது போலச் சுவருக்கும் பத்து போடலாம். வெள்ளைக் களிமண்ணோடு கிழித்த டிஷ்யூ பேப்பரைச் சேர்த்து, கொஞ்சம் சலவைச் சோடா கரைத்த நீரில் குழைத்து, விரல் கனத்துக்கு அப்புங்கள். ஒரு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். ஈரம் உள்ளே போய்த் தாரை இளக்கும். பிறகு தாளை எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். களிமண்ணின் துளைகள் செங்கலின் துளைகளை விட நுண்ணியவை. இழுபறியில் அவைதான் ஜெயிக்கும். நீர் செங்கலை விட்டுக் களிமண்ணுக்கு வரும். ஆவியாவது களிமண்ணின் வெளிமுகத்தில் நடப்பதால் தாரும் அங்கேதான் தங்கும். கறையைத் திருப்பிக் கொண்டுவந்த அதே வேலைதான் இதுவும். முகம் மட்டும் மாறிவிட்டது.

என் வீட்டில் பிராய் அடுப்புக்கு (இறைச்சி சுடும் அடுப்பு) பின்னால் போட்ட பத்தை உரித்தபோது, பால் வெள்ளையாக அப்பிய மண்ணின் வெளிப்பக்கத்தில் தேநீர் சிந்தியது போல வளையம் வளையமாகப் பழுப்பு. அரைமணி நேரம் அதைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டர்பனைச் சுற்றியுள்ள நேட்டாலில் நம் முன்னோர் எழுப்பிய கோயில்களின் உட்சுவர்களில் தலைமுறை தலைமுறையாகக் கற்பூரக் கரி படிந்திருக்கிறது. அதைச் சேதமில்லாமல் எடுப்பது எப்படி என்று ஆராய ஒரு பல்கலைக்கழகம் பணம் ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இப்போது பெயின்ட் அடித்து மூடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

பத்து போடும் முன் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். உரித்த பிறகு நன்றாக அலசுங்கள், சோடா மிச்சமிருந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஒரு முறையில் போகாவிட்டால், சுவர் காய்ந்ததும் இன்னொரு பத்து.