கண்ணாடி முன் நின்றால் மனம் தெரியுமா?

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற பக்கம் சாமிதோப்பு. அங்கே உள்ள, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டரின் பதி என்கிற வழிபாட்டுத் தலத்துக்கோ, அவர் வழி நடக்கும் அய்யாவழிக்காரர்கள் ஊர் ஊராக வைத்திருக்கும் நிழல் தாங்கல் என்கிற சிறு வழிபாட்டு இடங்களுக்கோ போனவர்களுக்குத் தெரியும், அங்கே விக்கிரகம் கிடையாது, கண்ணாடிதான் இருக்கும். கும்பிட வந்தவர் விளக்கொளியில் தன் முகத்தையே பார்க்கிறார். ஆண்கள் தலைப்பாகையோடு நிற்பார்கள். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டவே தடை இருந்த காலத்தில் வந்த வழக்கம் இது. பிற்பாடு 1927இல் சேர்த்தலை அருகே களவங்கோடத்தில் நாராயண குருவும் ஒரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அவர் முன்பு தவமிருந்த மருந்துவாழ் மலை சாமிதோப்புக்குப் பக்கத்தில்தான்.

இந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பெரிய சமூக வரலாறு உண்டு. அதை உளவியலாகச் சுருக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தன்னையே பார்ப்பது ஒரு மனிதனை மாற்றுமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் உண்மையிலேயே சோதித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஹாலோவீன் அன்று குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். 1979இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டுக்காரப் பெண் "ஆளுக்கு ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். சில வீடுகளில் மிட்டாய்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. பெயரைக் கேட்டு வைத்திருந்த குழந்தைகளிடம் அந்தக் கண்ணாடி நன்றாகவே வேலை செய்தது. கூடுதலாக எடுத்துக்கொண்டவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். தன் மீது கவனம் திரும்பும்போது, தான் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அதோடு இப்போதைய செயலை ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்பது உளவியலாளர்கள் தரும் விளக்கம்.

சரி, முகத்தைக் கண்ணாடி காட்டிவிடும். மனதை எது காட்டும்? கண்ணை மூடி உள்ளே பார்த்தால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. மேசையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகள். எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததைக் காட்டியவர்களே அதிகம். காரணம் கேட்டபோது நெசவு, வழவழப்பு, மெல்லிய தன்மை என்று அடுக்கினார்கள். நான்கும் அச்சு அசல் ஒன்றே. வைத்திருந்த இடம்தான் தேர்வைத் தீர்மானித்தது. ஆனால் இடத்தைக் காரணமாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. "ஒருவேளை அது வலது ஓரத்தில் இருந்ததால் எடுத்தீர்களோ?" என்று கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லாரும் மறுத்தார்கள்.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யொஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு பெண்களின் படங்களைக் காட்டி, யார் அழகு என்று கேட்பார்கள். ஒன்றைச் சுட்டியதும், அந்தப் படத்தைக் கையில் கொடுத்து, ஏன் இவர் என்று விளக்கச் சொல்வார்கள். சில முறை மட்டும், சீட்டு வித்தைக்காரரின் கைலாவகத்தோடு, தேர்ந்தெடுக்காத படத்தைக் கொடுத்துவிடுவார்கள். இந்த மாற்றல்களில் ஏறக்குறைய முக்கால்வாசி அகப்படவே இல்லை. கையில் இருந்த படத்தைப் பார்த்து, தாங்கள் எடுக்காத முகத்தை எதற்காக எடுத்தோம் என்று தெளிவாக விளக்கினார்கள். தோடு பிடித்தது என்றார் ஒருவர். அவர் முதலில் தேர்ந்தெடுத்த பெண்ணின் காதில் தோடே கிடையாது.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. மூளை ஒரு முடிவை எடுக்கிறது. அந்த வேலையின் பெரும்பகுதி நமக்குத் தெரியாத அறையில் நடக்கிறது. ஏன் என்று கேட்டால், நம்பத்தகுந்த ஒரு காரணத்தை வாய் உடனே தயாரித்துவிடுகிறது. தயாரித்ததா, நினைவிலிருந்து எடுத்ததா என்று உள்ளேயிருந்து பார்க்கிற நமக்குப் பிரித்துத் தெரிவதில்லை.

களியக்காவிளையிலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வருகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை நெரிசலில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து, வீடு சேர இரவு எட்டாகிறது. வந்ததும் மகனிடம் எரிந்து விழுகிறார். "ஏன் இப்படிக் கத்துறிய?" என்று வீட்டுக்காரி கேட்டால், "பாடம் படிக்காம போனைப் பாத்துட்டு இருக்கான்லா" என்பார். அது காரணமாக இருக்கலாம். மதியம் சாப்பிடாததும் காரணமாக இருக்கலாம். படுக்கையில் கிடந்து 'ஏன் கத்தினேன்' என்று ஒரு மணி நேரம் யோசித்தாலும் இவருக்கு உண்மை கிடைக்கும் என்று உறுதியில்லை. கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு கதை, இல்லாவிட்டால் 'நான் மோசமான அப்பன்' என்கிற புலம்பல். எந்த நாள், எத்தனை மணி, சாப்பிட்டாச்சா, முந்தின இரவு எவ்வளவு தூக்கம் என்று நான்கு வார்த்தை ஒரு நோட்டில் எழுதி வந்தாரானால், சில வாரத்தில் நோட்டே பேசும். தலைக்கு வெளியே பதிவாகிற தகவலை வாய் அவ்வளவு எளிதில் திருத்த முடியாது.

எழுதுவதற்கு வேறொரு பயனும் உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை வதைத்த அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியது.

தியானத்தையும் இந்தக் கோணத்தில்தான் நான் பார்க்கிறேன். மூச்சை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணுங்கள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள் என்கிற எளிய பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஏழு என்று எண்ணும்போதே மனம் தோவாளைச் சந்தையில் பூ விலை விசாரிக்கப் போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் எண்ணிக்கை பதினான்கில் நிற்கும். இங்கே சாக்குச் சொல்ல வழியே இல்லை, தப்பு எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. 2014இல் மூளை ஆய்வாளர் ரிச்சர்ட் டேவிட்சன் பங்குகொண்ட ஓர் ஆய்வு இதையே அளவுகோலாக்கியது. எட்டாவது மூச்சு வரை ஒரு பொத்தான், ஒன்பதாவதுக்கு வேறு பொத்தான். 400க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்ததில், சரியாக எண்ணியவர்களிடம் மனம் அலைவது குறைவாக இருந்தது. நான் கவனமாகத்தான் இருக்கிறேன் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பியிருக்க வேண்டிய அவசியம் இதனால் போய்விட்டது.

மனம் அலைந்து திரும்பும்போது மூளைக்குள் என்ன ஆகிறது? எந்த வேலையும் கொடுக்காமல் இருக்கும்போது சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகளை மார்க்கஸ் ரெய்க்கிள் குழு 2001இல் விவரித்தது. நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, அவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்கிற யோசனைகள் இந்தப் பகுதிகள் சேர்ந்த வலையமைப்போடு தொடர்புடையவை. 2012இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், தியானப் பழக்கம் உள்ளவர்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, மனம் விலகியதை உணர்ந்த நொடியில் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அலைகிற நேரத்தில் அந்த ஓய்வு வலையமைப்பு ஓடியது. 'அடடா, விட்டுவிட்டேனே' என்ற கணத்தில் வேறொரு பகுதி, கவனத்தைத் திருப்பும்போது மற்றொன்று, மூச்சிலேயே நிற்கும்போது இன்னொன்று. தியானம் என்றால் மனதை வெறுமையாக்குவது என்று நினைத்துப் பாதியில் விட்டவர்கள் அநேகம் பேர். உண்மையில் இந்தச் சுற்று முழுவதும்தான் பயிற்சி. விலகியதைக் கண்டுபிடிக்கிற அந்தக் கணத்தை எத்தனை முறை பழகுகிறோம் என்பதே முக்கியம். மகனிடம் கத்த வாய் திறக்கும்போது உதவப்போவதும் அதுதான்.

உடம்பில் நடப்பது இன்னும் எளிது. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பு அதை இழுத்துப் பிடித்து 70 பக்கம் வைத்திருக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது அந்தப் பிடி தளர்ந்து துடிப்பு கூடும், வெளியே விடும்போது பிடி இறுகிக் குறையும். கையில் நாடி பிடித்தே இதை உணரலாம். மூச்சு நிமிடத்துக்கு ஆறளவில் வந்தால், ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடம்பின் பத்து நொடித் தாளமும் மூச்சோடு ஏறியிறங்கும் இந்தத் துடிப்பும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழு 2001இல் கண்டது சுவையானது. லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரத்தை ஜெபித்தாலும் மூச்சு அதே ஆறுக்கு வந்து நின்றது. குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் சொல்கிற 'அருள் நிறைந்த மரியே'க்கு எத்தனை மூச்சு என்பதைக் கடிகாரம் வைத்து நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

எளிய வாழ்க்கை பற்றியும் ஒரு வார்த்தை. 1978இல் பிலிப் பிரிக்மன் குழு, லாட்டரியில் பெரும் பரிசு பெற்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டது. அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியில் இல்லை. காலை உணவு, நண்பரோடு பேச்சு போன்ற சின்ன இன்பங்கள் அவர்களுக்குக் குறைவாகவே ருசித்தன. மாதிரி சிறியது, ரொம்ப நீட்டி முழக்க வேண்டாம். ஆனால் புதிய பொருள் சீக்கிரம் பழையதாகிவிடும் என்பது அலமாரியைத் திறந்தாலே தெரியும். இங்கேயும் 'இதை ஏன் வாங்கினேன்' என்று கேட்டால் பதில் கைவசம் தயாராக இருக்கும். 'கடைசியாக எப்போது இதை எடுத்தேன்' என்ற கேள்விக்கு அப்படித் தயார் செய்ய முடியாது.

தியானத்தைப் பற்றிய பெரிய பேச்சுகளைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. எட்டு வாரத்தில் மூளையின் வடிவமே மாறிவிடும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 2022இல், இதுவரை தியானம் பழகாத 200க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த கவனமான ஆய்வில் அப்படி ஒரு மாற்றமும் தென்படவில்லை. 2014இல் 47 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலனுக்கு ஆதாரம் இருந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மூச்சு எண்ணத் தொடங்கியதும் தாங்களாக அதை நிறுத்தக்கூடாது. உட்கார்ந்து உள்ளே பார்க்கப் பார்க்கப் பயமோ பழைய வேதனையோ கூடுகிறதென்றால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.