அமைச்சரின் பதிலுக்கும் வில்லங்கம் பாருங்கள்

அமைச்சரின் பதிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வழக்குக்கு வருவது இந்த ஆண்டில் இது மூன்றாவது. வாலாஜா பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்தில் இரண்டு தாள்களை மேசைமேல் விரித்து வைத்தார். இரண்டும் மக்களவை வினாக்களுக்கு அமைச்சர் எழுத்துமூலம் அளித்த பதில்கள். ஒன்று 2018-ஆம் ஆண்டினுடையது. மற்றொன்று நான்கு ஆண்டுகள் பிந்தியது. முதல் தாளில் வேலூர் மாவட்டத்துக்கு நேராக இருந்த ஏரி சீரமைப்புப் பணிகளின் எண்ணிக்கை, இரண்டாம் தாளில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. “மீதிப் பணம் எங்கே போயிற்று? அமைச்சர் பொய் சொல்லியிருக்கிறார். அவர்மேல் வழக்குப் போடுங்கள் வக்கீல் சார்” என்றார். அதற்குள் ஐந்நூறு துண்டறிக்கைகளும் அச்சாகியிருந்தன.

பணம் எங்கும் போகவில்லை. மாவட்டம்தான் பிரிந்துபோயிற்று. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 39,36,331 பேர் கொண்டிருந்த மாவட்டம் அதன்பின் மூன்றாகிவிட்டது. ஏரிகளும் பள்ளிகளும் சாலைகளும் கூடவே பிரிந்தன. பிரிவினைக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவுமே குறைந்த மாதிரிதான் தெரியும். அவர் வீடு இருக்கும் வாலாஜாவே இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது என்பதை அவருக்கு நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அவர் கொண்டுவந்த இரண்டாம் தாளில் உண்மையாகவே ஒரு பிழை இருந்தது. வாலாஜா வட்டத்தின் சில பணிகள் பழைய பழக்கத்தில் வேலூர்க் கணக்கிலேயே ஏறியிருந்தன. இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பிழையை அமைச்சரே அடுத்த கூட்டத்தொடரில் திருத்திவிட்டார். திருத்த அறிக்கை அவை முன் வைக்கப்பட்டிருந்தது. அதை அந்த விவசாயியும் பார்க்கவில்லை, அவருக்குத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தவரும் பார்க்கவில்லை. இதே ஆண்டில் இதற்கு முன்பு வந்த ஒரு வழக்கில், இளம் வழக்கறிஞர் ஒருவர் திருத்தப்பட்ட பதிலின் பழைய வடிவத்தை மனுவோடு இணைத்துவிட்டார். அரசு வழக்கறிஞர் எழுந்து திருத்த அறிக்கையை நீட்டியதும் மனுவில் இருந்த மற்ற நல்ல வாதங்களும் சேர்ந்து சாய்ந்துபோயின. வழக்குப் போட்டவருக்கு ஓராண்டு வீணாயிற்று.

நிலம் வாங்கும்போது நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர் உண்டா? கிரயப் பத்திரத்தில் சர்வே எண் தவறாக விழுந்துவிட்டால் என்ன செய்கிறோம்? பிழைதிருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறோம். அதன்பிறகு மூலப் பத்திரத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு போனால் வங்கியில்கூட ஏற்க மாட்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அமைச்சரின் பதிலும் அப்படித்தான். முதலில் தந்த பதில் ஒரு நாளின் அவை நடவடிக்கையில் இருக்கும். அதைத் திருத்தும் அறிக்கை வாரங்களோ மாதங்களோ கழித்து வேறொரு நாளின் நடவடிக்கையில் இருக்கும். பதிலை மட்டும் அச்செடுத்து வருபவர்கள் பாதிப் பத்திரத்தோடு வருகிறார்கள்.

இப்போது என்னை மிகவும் நோகச் செய்யும் எண்ணத்துக்கு வருகிறேன். “திருத்தினார் என்றாலே பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார் என்றுதானே பொருள்?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இல்லை. பிழை வேறு, பொய் வேறு. நாடாளுமன்ற மரபில் இந்த வேறுபாட்டின்மேல்தான் எல்லாமே நிற்கிறது. ஒரு நாளைக்கு மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட (வாய்மொழிப் பதிலுக்கான) வினாக்கள் 20, குறியிடாத (எழுத்துமூலப் பதிலுக்கான) வினாக்கள் 230. ஒவ்வொன்றுக்கும் மாவட்டம் மாவட்டமாகப் புள்ளிவிவரம் திரட்டப்படுகிறது. வட்ட அலுவலகத்தில் ஒருவர், ஆட்சியரகத்தில் ஒருவர், சென்னையில் ஒருவர், தில்லியில் ஒருவர் என்று எத்தனையோ கைகள் மாறித்தான் அந்த அட்டவணை அமைச்சரின் கைக்கு வருகிறது. அதில் பிழை வரும். வந்தால், அமைச்சர் தாமாக முன்னறிவிப்புக் கொடுத்துத் திருத்த அறிக்கை தர வேண்டும் என்பது மக்களவையின் நடைமுறை. காலம் கடந்து திருத்தினால், தாமதத்துக்கான காரணத்தையும் அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். அவை நிகழ்ச்சி நிரலில் “இந்தத் தேதியில் இந்த வினாவுக்கு அளித்த பதிலைத் திருத்தியும், திருத்துவதில் ஏற்பட்ட தாமதத்துக்கான காரணங்களைத் தெரிவித்தும்” என்று வருவது இதுதான்.

பொய் என்பதற்கு அளவுகோல் வேறு. தெரிந்தே, அவையைத் திசைதிருப்பும் நோக்கத்தோடு சொன்னால்தான் அது அவையின் உரிமை மீறல். தவறான எண் ஒன்றை நம்பிச் சொன்னால் அது உரிமை மீறல் ஆகாது. பிரிட்டனில் 1963 மார்ச்சில் ஜான் ப்ரொஃப்யூமோ என்ற அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிந்தே மறுத்துப் பேசினார். ஜூனில் உண்மை வெளிப்பட்டுப் பதவி விலகினார். அது பொய். அந்நாட்டு அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. தெரியாமல் நேர்ந்த பிழையை முதல் வாய்ப்பிலேயே திருத்த வேண்டும், தெரிந்தே தவறாக வழிநடத்தியவர் பதவி விலக முன்வர வேண்டும். அங்கே 2018-இல் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட், நாடாளுமன்றக் குழு ஒன்றின்முன் தாம் அறியாமல் தவறான தகவல் தந்துவிட்டதாகச் சொல்லிப் பதவி விலகியதும் உண்டு. அது அவரும் அவர் கட்சியும் எடுத்த அரசியல் முடிவு. திருத்தும் ஒவ்வோர் அமைச்சரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எந்த அவையும் விதி வைக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? திருத்தத்தைக் கேலி செய்தால் அடுத்த முறை திருத்தம் வராது. பிழையைக் கண்டுபிடித்த அலுவலர் கோப்பை மூடிவைத்துவிடுவார். “இப்போது கிளப்பினால் நாளைக்குச் செய்தியாகிவிடும்” என்று மேலதிகாரி சொல்வார். நட்டம் யாருக்கு? தவறான அட்டவணையை நம்பி மனு எழுதும் நமக்குத்தான். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், திருத்திய அமைச்சரைத் திட்டாதீர்கள். திருத்தாமல் விட்டவரைக் கேளுங்கள்.

வழக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத்தில் பேசியதற்காக உறுப்பினர்மேல் நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 105-ஆம் பிரிவு. சட்டமன்றத்துக்கு 194-ஆம் பிரிவு. அமைச்சருக்கும் இது பொருந்தும். அதற்காக அவை ஆவணங்களை நீதிமன்றத்தில் காட்டவே கூடாது என்பதும் தவறு. நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கைகளைப் பார்வைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2018-இல் சொல்லியிருக்கிறது. காட்டலாம், ஆனால் முழுமையாகக் காட்ட வேண்டும்.

திருத்தமே வராத பிழையைக் கண்டால் என்ன செய்வது? உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். அவை நடத்துவது பற்றி மக்களவைத் தலைவர் வகுத்த பணிப்புரைகளில் 115-ஆவது இதற்கென்றே இருக்கிறது. அமைச்சரின் கூற்றில் பிழை இருப்பதாகக் கருதும் உறுப்பினர், பிழையின் விவரத்தோடு தலைவருக்கு எழுதி, அவையில் எழுப்ப அனுமதி கேட்கலாம். எந்த எம்.பி. என்பதிலும் இங்கே குழப்பம் உண்டு. காட்பாடிக்காரர்கள் வேலூர் மாவட்டத்தில் இருந்தாலும் அரக்கோணம் தொகுதி. ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் திருவண்ணாமலைத் தொகுதி. ஆம்பூர், வாணியம்பாடி வேலூர்த் தொகுதி. தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று புலம்பாதீர்கள்.

எழுதும்போது வினா எண், தேதி, பிழையான வரி, சரியான எண், அதற்கு ஆதாரம் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். வசவு வேண்டாம். ஆதாரம் கையில் இல்லையென்றால் முதலில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, 30 நாள் பொறுங்கள். “தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை முன் வைக்கப்படும்” என்ற பதிலைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று குதிக்க வேண்டாம். அது அரசு அவைக்குத் தந்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு 1953-லிருந்தே இருக்கிறது.

வாலாஜா விவசாயியின் ஐந்நூறு துண்டறிக்கைகளும் இப்போது என் குமாஸ்தாவின் மேசைக்கடியில் இருக்கின்றன. ஒன்றுகூட வெளியே போகவில்லை. திருத்தப்பட்ட அட்டவணையிலும் அவர் ஊர் ஏரி இல்லை. அதன் கரை உடைந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது, கீழே அவர் கழனி இருக்கிறது. அந்த ஒற்றை ஏரியைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதி, இரண்டு தாள்களையும் திருத்த அறிக்கையையும் இணைத்து, அரக்கோணம் எம்.பி.க்கு அனுப்பியிருக்கிறோம்.