நனைந்த தொட்டியை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்

கட்டடப் பொறியாளனான எனக்கு இந்த மழைக்காலத்தில் மட்டும் இது மூன்றாவது அழைப்பு. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளம். கீழ்வீட்டுப் பால்கனியின் மேற்கூரையில் ஈரம் கசிகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், கைப்பிடிச் சுவரை ஒட்டி ஐந்தடுக்கு இரும்பு ஸ்டாண்ட், அதில் நாற்பது தொட்டிகள், தக்காளியும் கத்தரியும் காய்த்துக் குலுங்குகின்றன. பால்கனிக் கதவின் நிலையை ஒட்டி, டைல்ஸ் இணைப்பில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேர்கோடாக ஒரு விரிசல். முதலில் தொட்டிகளை உள்ளே எடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன்.

"மண்ணே போடவில்லை சார், கோகோபீட்தான், வெறும் தேங்காய்நார்த் தூள். அதுவும் மேலே மேலேதானே அடுக்கியிருக்கிறேன், தரையில் இரண்டடி இடம்கூட அடைக்கவில்லையே" என்றார் வீட்டுக்காரர்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. செங்குத்துத் தோட்டம் மிச்சப்படுத்துவது தரையின் பரப்பை மட்டுமே. நாற்பது தொட்டிகளின் எடை நாற்பது தொட்டிகளின் எடைதான், அதைப் பரப்பி வைக்காமல் ஒரே இடத்தில் குவித்திருக்கிறீர்கள், அவ்வளவே. கோகோபீட் கடையில் வாங்கும்போதுதான் இலேசு. ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் முப்பது கிலோவைத் தாண்டிவிடும். அந்த வீட்டில் நீர் ஊற்றிய ஒரு தொட்டியைப் பயணப்பெட்டி நிறுக்கும் கைத்தராசில் மாட்டிக் காட்டினேன்: ஆறு கிலோ. நாற்பதுக்கும் சேர்த்து 240 கிலோ, ஸ்டாண்டோடு 265. நான்கடி நீள ஸ்டாண்ட் என்பதால், விளிம்பில் மீட்டருக்கு ஏறக்குறைய 220 கிலோ. வீட்டுப் பால்கனிகளின் வெளிவிளிம்புக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலை விதிநூல் வடிவமைப்பில் கணக்கிடச் சொல்வது மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அது மனிதர்கள் வந்து சாய்ந்து நிற்பதற்கான கணக்கு. ஆண்டு முழுவதும் இறங்காமல் நிற்கும் சுமைக்கானது அல்ல.

நம் பால்கனிகளில் பல, சுவரிலிருந்து வெளியே நீட்டிய கான்டிலீவர் தளங்கள். அவற்றைத் தாங்கும் முதன்மைக் கம்பி மேற்பக்கத்தில் இருக்கும். (கான்கிரீட் போடும் அன்று அந்தக் கம்பியின்மேல் நடந்து அதைக் கீழே அமுக்கிவிடும் வேலையாட்களைத் திட்டியே என் தொண்டை கெட்டது.) ஆகவே கதவை ஒட்டி மேற்புறத்தில் விரிசல் விழுந்து, தினமும் செடிக்கு ஊற்றும் நீர் அதில் இறங்கினால், எந்தக் கம்பி தாங்குகிறதோ அதுவேதான் துருப்பிடிக்கிறது. மேலே புது டைல்ஸ் ஒட்டி அதை மறைப்பவர்களை என்ன சொல்வது?

செடி வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் அவரையும் பாகலும் உண்டு. ஸ்டாண்டைக் கைப்பிடிச் சுவரோரம் வைக்காமல், வீட்டுச் சுவரை ஒட்டி உள்பக்கம் வையுங்கள். அடுக்குகளில் அரைக்கீரை, வெந்தயக்கீரை, புதினா, கொத்தமல்லி போதும். அவற்றுக்கு அரையடி ஆழம் தாராளம். தக்காளிக்கும் கத்தரிக்கும் பெரிய பை வேண்டும் என்பதால், அவை தரையிலேயே, சுவரோரமாகவே இருக்கட்டும். கொடிகளுக்கு ஒரே பையை உள்பக்கம் வைத்து, தேங்காய்நார்க் கயிற்றில் கிரில் வரை ஏற்றிவிடுங்கள். எடை பெரும்பாலும் பையில்தான், கொடியில் அல்ல. நான்கரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் துளைபோட்டுத் தொட்டிச் சட்டம் மாட்டாதீர்கள், தயவுசெய்து. நீர்ப்போக்கித் துளையை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். மண் அடைத்து நான்கு அங்குலம் நீர் தேங்கினால், சதுர மீட்டருக்கு நூறு கிலோ கூடுகிறது. ஐப்பசி பிறக்கும் முன்பே மேலடுக்குத் தொட்டிகளை இறக்கிவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வேரோடு சாய்த்த மரங்களைப் பார்த்த ஊர் இது. இலை அடர்ந்த ஸ்டாண்ட் காற்றுக்குக் கப்பல் பாய்போல நிற்கும், கீழே தெருவில் ஆட்கள் நடக்கிறார்கள்.

இதைப் படித்து முடித்ததும் பால்கனிக் கதவைத் திறந்து, நிலையை ஒட்டிய தரையைப் பாருங்கள். அங்கே நீளவாக்கில் கோடு தெரிந்தால், தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரரிடமும் அவர் பால்கனியில் யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு பொறியாளரை அழையுங்கள்.