வால்வை மாற்றும் முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்

1962இல் மேற்கு லண்டனின் ஹேன்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் ஓர் இசைக்கருவிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். அவர் டிரம்ஸ் வாசிப்பவர். ஆனால் கடைக்கு வந்து நச்சரித்தவர்கள் கிட்டார் வாசிக்கும் பையன்கள். கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவியான ஆம்ப், அதுவும் அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் வேண்டும் என்பார்கள். இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை எட்டாது. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும் டட்லி கிரேவன் என்ற இளைஞரும் சேர்ந்து, ஃபெண்டர் பேஸ்மன் ஆம்பின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்து ஒன்றைக் கட்டினார்கள். ஜேடிஎம்45 என்ற மார்ஷலின் முதல் ஆம்ப் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், வரைபடம் அதேதான், சத்தம் அதுவல்ல. ஆம்புக்குள் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு. பேஸ்மனின் முதல் வால்வு 12ஏஒய்7 வகை. இங்கே அந்த இடத்தில் ஈசிசி83 உட்கார்ந்தது. பவர் வால்வுகள் முதலில் அமெரிக்க 5881ஆக இருந்து, பிறகு பிரிட்டனின் கேடி66ஆகி, கடைசியில் ஈஎல்34 ஆயின. டிரான்ஸ்ஃபார்மரும் வேறு. பேஸ்மனில் பின்பக்கம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் நான்கு இருந்தன. மார்ஷல் செலஸ்டியனின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை மூடிய பெட்டிக்குள் வைத்தார். அங்கிருந்துதான் ராக் இசையின் அந்தத் தடித்த உறுமல் கிளம்பியது.

இன்றும் வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் சத்தத்தை மாற்ற நினைத்தால் கை வைப்பது இதே இடங்களில்தான். ஆனால் முதல் காசு எப்போதும் வால்வுக்கே போகிறது. கண்ணாடிக்குள் மினுமினுக்கும் பொருளுக்கு அப்படியொரு கவர்ச்சி. அந்த வரிசை தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று பார்க்க ஆம்புக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ நினைவிருக்கிறதா? ஸ்விட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே மெல்லச் சிவந்து, அரை நிமிடம் கழித்துத்தான் குரல் வரும். (அந்த வால்வுகளை நம் பக்கத்திலேயே, பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்துக்கொண்டிருந்தது. பழைய சரக்குக்கு இன்றும் உலகெங்கும் ஆள் இருக்கிறது.) அந்த அரை நிமிடத்தில் நடப்பது இது: 6.3 வோல்ட்டில் ஹீட்டர் சூடாகி, அதைச் சுற்றியுள்ள கேத்தோடு என்னும் குழாயைச் சிவக்க வைக்கிறது. சிவந்த கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் வெற்றிடத்துக்குள் கிளம்புகின்றன. எதிரே இருக்கும் பிளேட்டில் நேர்மின் அழுத்தம் இருக்கிறது. பெரிய ஆம்ப்களின் பவர் வால்வில் அது 400 வோல்ட்டைத் தாண்டும். எலக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. வழியில் கிரிட் என்று ஒரு கம்பிச்சுருள். அதில் எதிர்மின் அழுத்தம் கூடினால் ஓட்டம் குறையும், குறைந்தால் ஓட்டம் பெருகும். கிரிட்டில் சிறிய அசைவு, பிளேட்டில் பெரிய அசைவு. பெருக்கம் என்பது இவ்வளவுதான்.

ஆம்பில் இருக்கும் சின்ன வால்வுகள் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கிட்டார் பாகம்) வரும் மெலிந்த சிக்னலைத் தூக்கிவிடுபவை. அவற்றின் பெருக்க எண் வகைக்கு வகை மாறும்: 12ஏஎக்ஸ்7க்கு 100, 12ஏடி7க்கு 60, 12ஏஒய்7க்கு 45 அளவில், 12ஏயூ7க்கு 20க்குப் பக்கத்தில். ஈசிசி83 என்பது 12ஏஎக்ஸ்7இன் ஐரோப்பியப் பெயர். பேஸ்மனில் 45 இருந்த இடத்துக்கு மார்ஷலில் 100 வந்தது என்றால், அடுத்த கட்டங்கள் எவ்வளவு சீக்கிரம் நிரம்பிக் கரகரத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு வகைக்கும் கால் அமைப்பு ஒன்றுதான், கழற்றி மாட்டலாம். உங்கள் ஆம்ப் தேவைக்கு முன்பே கரகரத்தால், முதல் வால்வை 12ஏஒய்7ஆக மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் சின்ன வால்வுக்கு பயாஸ் (சும்மா இருக்கும்போது வால்வில் ஓட வேண்டிய மின்னோட்டத்தின் அளவு) வைக்கும் வேலையும் இல்லை. கேத்தோடில் உள்ள மின்தடை அதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். வகையை மாற்றினால் வித்தியாசம் நிச்சயம். ஒரே வகையில் கம்பெனியை மட்டும் மாற்றிவிட்டு சொர்க்கம் தெரிந்ததாகச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பழைய வால்வைப் பென்சிலால் தட்டும்போது ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டால் மட்டும் மறுபேச்சு வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சரி, ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கரை வீட்டு மியூசிக் சிஸ்டத்தின் ஸ்பீக்கர் போல எண்ணக் கூடாது. அது உள்ளதை உள்ளபடி சொல்லப் பிறந்ததல்ல. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 12 அங்குலக் காகிதக் கூம்பு அங்கிருந்து ஓரளவு ஒழுங்காக வந்து, 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை தூக்கலாக ஒலித்து, 5000க்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். அந்தச் சரிவுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஓவர்லோடான வால்வு மேல் அதிர்வெண்களில் ஏராளமான குப்பையை உண்டாக்கும். அதை அப்படியே நல்ல ஹைஃபை ஸ்பீக்கரில் கேட்டால் தகர டப்பாவுக்குள் குளவி அடைத்த மாதிரி இருக்கும். எந்த இடத்தில் தூக்கல், எந்த இடத்தில் சரிவு என்பது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். ஆம்பின் டோன் குமிழ்கள் செய்ய முடியாத அளவுக்கு அது ஒலியைப் புரட்டிப்போடும். மூடிய பெட்டி கீழ்ச்சுருதியை இறுக்கி முன்னால் தள்ளும். பின்பக்கம் திறந்திருந்தால் ஒலி அறை முழுவதும் பரவி, அடித்தளம் கொஞ்சம் தளரும்.

சத்தத்தின் அளவும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. செலஸ்டியனின் கிரீன்பேக் ஒரு வாட்டுக்கு 98 டெசிபல் தரும், வின்டேஜ் 30 என்ற மாடல் 100 தரும். வெறும் 2 தானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் 3 கூடினாலே மின்திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 2 டெசிபல் என்றால் 50 வாட் ஆம்ப் கிட்டத்தட்ட 80 வாட் ஆனது போல. எந்த வால்வை மாட்டினாலும் இந்தத் தாவல் கிடைக்காது. மாற்றும்போது இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று, தாங்கும் வாட். கிரீன்பேக் 25 வாட்தான், நான்கு சேர்ந்தால் 100. 50 வாட் ஆம்பில் ஒன்றை மட்டும் மாட்டினால் சுருள் கருகும். மற்றது ஓம், அதாவது ஸ்பீக்கர் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைத் தொடராக இணைத்தால் 16, பக்க இணைப்பில் 4. ஆம்பின் எந்தத் துளையில் செருகுகிறீர்களோ அதற்குப் பொருந்த வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு ஆம்பை வாசிக்கவே கூடாது. இறங்க வழியில்லாத ஆற்றல் டிரான்ஸ்ஃபார்மரில் எகிறி, சாக்கெட்டில் பொறி பறக்கும்.

இனி பவர் வால்வும் பயாஸும். ஊரில் மரக்கடைகளில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பெரிய ரம்பம் இழுப்பார்களே, பெரும்பாலான ஆம்ப்களில் பவர் வால்வுகள் வேலை செய்வது அப்படித்தான். ஒலி அலையின் மேல்பாதியை ஒன்று இழுக்கும், கீழ்பாதியை மற்றது. ஒருவர் முழுக்க இழுத்து முடித்த பிறகே அடுத்தவர் கையை வைத்தால், ரம்பம் நடுவில் ஒரு கணம் நின்று வெட்டும். ஆம்பிலும் அந்த இடத்தில் ஒலி காய்ந்துபோய், முள் குத்துவது போலக் கேட்கும். அதனால் அடுத்தவர் முறை வரும் முன்பே லேசாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் வால்வில் ஓடவிடும் அந்தக் கொஞ்ச மின்னோட்டத்தை முடிவு செய்வதுதான் பயாஸ். குறைத்தால் சத்தம் வறளும். கூட்டினால் சத்தம் இனிக்கும், ஆனால் வால்வு அவியும்.

எவ்வளவு விடலாம்? ஈஎல்34இன் பிளேட் தாங்கும் வெப்பம் 25 வாட், 6எல்6ஜிசிக்கு 30, 6வி6க்கு 12. சும்மா இருக்கும்போது இதில் 70 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது மெக்கானிக்குகளின் வழக்கம். ஈஎல்34க்கு அது 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 17.5ஐ 450ஆல் வகுக்க 39 மில்லி ஆம்பியர் வரும். 70 என்பது மேல் வரம்பு, இலக்கு அல்ல. 60இல் நன்றாக ஒலித்தால் அங்கேயே விட்டுவிடலாம். அளப்பதற்குக் கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவில் 1 ஓம் மின்தடை போட்டிருப்பார்கள். அதன் குறுக்கே மல்டிமீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். அதில் பவர் வால்வுக்குள் இருக்கும் இன்னொரு கிரிட்டான ஸ்கிரீன் கிரிட்டின் சில மில்லி ஆம்பியரும் கலந்திருக்கும் என்பதால், 39 என்று காட்டும்போது பிளேட்டில் ஓடுவது அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். கிரிட்டின் எதிர்மின் அழுத்தத்தை மாற்றும் குட்டித் திருகைத் திருப்பினால் மின்னோட்டம் மாறும். மின்னோட்டம் மாறினால் பிளேட் வோல்ட்டும் நகரும். அதனால் திருப்பி, மறுபடி அளந்து, மறுபடி வகுத்து, அப்புறம் பத்து நிமிடம் சூடேற விட்டு இன்னொரு முறை. இத்தனை முறை திருகும் இந்த அமைப்புக்குப் பெயர் 'ஃபிக்ஸ்டு பயாஸ்'! வாக்ஸ் ஏசி30 போன்ற கேத்தோடு பயாஸ் ஆம்ப்களில் இந்தத் திருகே கிடையாது.

6எல்6 இருந்த இடத்தில் ஈஎல்34 மாட்டும் ஆசை பலருக்கு வரும். ஈஎல்34 ஹீட்டர் 1.5 ஆம்பியர் கேட்கும், 6எல்6ஜிசிக்கு 0.9 போதும். ஜோடிக்கு 1.2 ஆம்பியர் கூடுதல் சுமையை டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பது முதல் கேள்வி. ஈஎல்34இன் முதல் காலை எட்டாவது காலோடு இணைத்திருக்கிறார்களா என்பது இரண்டாவது. ஆம், மூன்றாவதும் உண்டு: பயாஸை மறுபடி வைக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்புக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் 400 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். அது ஆளைக் கொல்லும். அதை இறக்கி, மீட்டரில் சுழியம் பார்க்கத் தெரியாதவர் பெட்டியைத் திறக்க வேண்டாம். பயாஸ் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் திறக்காமலே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு ஆம்பின் பின்பக்கம் போய் நில்லுங்கள். வால்வின் நடுவே ஆரஞ்சு நிறம் தெரியும், அது ஹீட்டர். கண்ணாடியின் உட்புறம் நீலமாக ஒளிர்ந்தாலும் கவலை வேண்டாம். சிதறிய எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது அது. ஆனால் வெளியே கறுத்த தகடாகத் தெரிகிறதே பிளேட், அதன் பக்கவாட்டில் மங்கலாகச் சிவப்பு படரத் தொடங்கினால், பாட்டை முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் அந்த நொடியே ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.