தப்பு நடந்த பத்தில் ஒரு நொடிக்குள்

பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு மார்க் போனால்கூட ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொள்கிறேன். திட்டாமல் விட்டால் சோம்பேறி ஆகிவிடுவேனோ?"

ஆகமாட்டீர்கள். தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையை உங்கள் மூளை அந்தத் திட்டு தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுகிறது.

மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனையில் இதைப் பார்க்கலாம். தலையில் மின்முனைகளைப் பொருத்திவிட்டு, திரையில் வரிசையாக ஐந்து அம்புக்குறிகளைக் காட்டுவார்கள். நடு அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற நான்கும் எதிர்ப்பக்கம் காட்டினால் அவசரத்தில் விரல் ஏமாந்துபோகும். அப்படித் தப்பாக அமுக்கிய சுமார் 100 மில்லிநொடிக்குள், உச்சந்தலைக்குச் சற்று முன்னால் வைத்த மின்முனையில் கூர்மையான ஓர் எதிர்மின் அலை எழுகிறது. திரை 'தப்பு' என்று சொல்லியிருக்காது, பக்கத்தில் யாரும் முறைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் மண்டைக்குள்ளே, மூளையின் இரண்டு அரைக்கோளங்களும் முகம் பார்த்து நிற்கும் இடத்தில் இருந்து தப்புகளைக் கண்காணிக்கும் முன் சிங்குலேட் புறணிக்குச் செய்தி போயாகிவிட்டது! 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த அலையைக் கண்டறிந்தன. இதற்கு அப்புறம், 200 முதல் 400 மில்லிநொடிக்குள் வரும் இன்னொரு அலைதான் 'அடடா, தப்பு' என்று நாம் உணர்வதோடு தொடர்புடையது. ராத்திரி நடக்கும் விசாரணைக்கு இந்த இரண்டிலுமே பங்கில்லை.

பதற்றக் கோளாறு உள்ளவர்களிடம் முதல் அலை சராசரியாகப் பெரிதாக இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சில சுற்றுகளில் செய்த தப்புகளில் பாதிக்குக் காதில் பெரும் சத்தம் போட்டுத் தண்டித்தார்கள். அலை பெரிதானது, தண்டனையை நிறுத்திய பிறகும் அடங்கவில்லை. கடுமையாகக் கண்டித்து வளர்க்கப்பட்ட குழந்தைகளிடமும் இதே போக்கை 2015இல் பார்த்தார்கள். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பதை இன்னும் வேதவாக்காகச் சொல்லும் பள்ளிகளும் வீடுகளும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அது மூடநம்பிக்கை, ராகுகாலத்தைவிட மோசமான மூடநம்பிக்கை, ஏனென்றால் இதில் அடி வாங்குவது குழந்தை.

சரி, திட்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கடினமான சொல் தேர்வு ஒன்றை வைத்தார்கள். முடிந்ததும் ஒரு குழுவிடம், இது எல்லோருக்கும் கஷ்டமான தேர்வுதான், உங்களை ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள் என்றார்கள். இன்னொரு குழுவை, இங்கே இடம் கிடைத்ததே நீங்கள் அறிவாளி என்பதால்தான் என்று பாராட்டினார்கள். மூன்றாவது குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. மறுதேர்வுக்கு மற்ற இரண்டு குழுக்களையும்விட அதிக நேரம் உட்கார்ந்து படித்தது முதல் குழுதான்.