ஜெர்மனியில் பீர் குறைகிறது, ஆனால் கணக்கு போடத் தெரிய வேண்டும்

1980 வாக்கில் ஜெர்மனியில் ஆளுக்கு ஆண்டுக்கு 140 லிட்டருக்கு மேல் பீர் செலவானது. இப்போது அது 90 லிட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. வயதானவர்கள் பெருகிவிட்டார்கள், இளைஞர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள், வேலை நேரத்தில் மதியச் சாப்பாட்டோடு பீர் என்ற வழக்கமும் தேய்ந்துவிட்டது. ஆல்கஹால் இல்லாத பீர் மட்டும் ஏறுமுகம். 1972-லேயே கிழக்கு ஜெர்மனியில் வண்டி ஓட்டுபவர்களுக்கென்று அப்படி ஒன்று வந்தது. மேற்கில் 1979-ல் கிளவுஸ்தாலர் என்ற ஆல்கஹால் இல்லாத பீர் வந்தது.

குடியைக் குறைக்க ஆலோசனை கேட்டு எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் கிளாஸைத்தான் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது ஆல்கஹால் எத்தனை கிராம் என்பதை. மில்லி லிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்து, வருவதை 0.8-ஆல் பெருக்குங்கள். 5 சதவீத பீர் அரை லிட்டரில் 20 கிராம் ஆல்கஹால். அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவில் தரும் ஒரு லிட்டர் 'மாஸ்', சுமார் 6 சதவீதம். அதில் 48 கிராம். எலுமிச்சைச் சோடாவோடு பாதிக்குப் பாதி கலந்த ராட்லர் அரை லிட்டரில் 10 கிராம்தான். ஆனால் இனிப்பாக இருப்பதால் மூன்று இறங்கிவிடும். பிறகென்ன லாபம்?

70 கிலோ எடையுள்ள ஆணின் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 கிராமைத்தான் எரிக்கும். பெண்களுக்கு இன்னும் குறைவு. காபியோ பச்சைத்தண்ணீர்க் குளியலோ இதை வேகப்படுத்தாது. இரவு 12 மணி வரை மூன்று மாஸ் குடித்தவர், காலை 8 மணிக்குத் தெளிவாக இருப்பதாக நினைத்துக் கார் சாவியை எடுப்பார். ரத்தத்தில் இன்னும் ஆல்கஹால் ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மனியில் வண்டி ஓட்டுபவர்களுக்கு வரம்பு ஆயிரத்துக்கு 0.5, அதாவது ஒரு கிலோ ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால். வண்டி தடுமாறினால் 0.3-லேயே வழக்கு வரலாம். 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கும், புதிதாக உரிமம் வாங்கிய இரண்டு ஆண்டுகளுக்கும் பூஜ்யம்தான்.

ஆல்கஹால் இல்லாத பீருக்கு மாறுபவர்கள் லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 'அல்கோஹோல்ஃப்ரை' (ஆல்கஹால் இல்லாதது) என்று அச்சிட்டிருந்தாலும் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். அரை லிட்டரில் 2 கிராம். பெரும்பாலோருக்கு இது பொருட்டில்லை. கர்ப்பிணிகள் மட்டும் '0.0' என்றிருப்பதை எடுக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வேறொரு சிக்கல். நொதித்தலைப் பாதியில் நிறுத்திச் செய்யும் பீரில் மால்ட் (முளைகட்டிய தானியம்) தரும் சர்க்கரை தங்கிவிடும். முழுக்க நொதித்தபின் குறைந்த அழுத்தத்தில் ஆல்கஹாலை ஆவியாக்கி எடுத்த பீரில் அது குறைவு. செய்முறை லேபிளில் இருக்காது, மாவுச்சத்து அளவு இருக்கும். 100 மில்லிக்கு 5 கிராம் என்றால் அரை லிட்டரில் 25 கிராம்.

குடிநோயிலிருந்து மீண்டவர்களுக்கு 0.0 பீரையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த நுரை, அந்தக் கசப்பு, கையில் அந்தக் கண்ணாடியின் குளிர்ச்சி: மூளைக்குப் பழைய பாதையை நினைவுபடுத்த இவையே போதும்.

தினமும் நான்கைந்து லிட்டர் குடித்துப் பழகியவர் 'நாளையிலிருந்து விட்டுவிடுகிறேன்' என்று கிளம்புவது ஆபத்து. 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வந்து, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வது தெரியும். அந்த நிலையில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஜெர்மனியில் எண் 112.